மாடில்லாத பரம்பு

ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆற்று அலைமேல் பலகை போட்டு நிற்கும் விளையாட்டை எங்கள் பக்கத்தில் முதன்முதலில் ஆடியவன் நான்தான். கடைசியாக ஆடியவனும் நான்தான். மொத்தம் ஆடிய நேரம், தாராளமாகச் சொன்னால், இரண்டு வினாடி.

போன வாரம் என் மகள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஏதோ வெளிநாட்டில், கடலே இல்லாத ஓர் ஊரில், ஆற்றுக்குள் கான்கிரீட் போட்டு வேண்டுமென்றே அலை எழுப்பி வைத்திருக்கிறார்கள். ஆட்கள் வரிசையில் காத்திருந்து, முறை வந்ததும் பலகையோடு குதித்து, ஒரே இடத்தில் நின்றபடி சறுக்குகிறார்கள். "சூப்பரா இருக்கில்லப்பா?" என்றாள். அடுப்படியிலிருந்து என் மனைவி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த காலம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையடிவாரத்துக்கு வரும் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது, பேப்பர் கிடையாது, கல்லூரியும் கிடையாது. சங்கராபுரத்து மளிகைக்கடைக்காரர் மகன் ஜாபர், என் வகுப்புத் தோழன், ஒரு வேளை சாப்பிட்டுப் போக வந்தவன், ஐந்து நாளாக எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தான். எந்த ரோட்டை மறிக்கிறார்கள், எது திறந்திருக்கிறது, எப்போது முடியும் என்று எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. (எனக்கும் சேர்த்துத்தான் மறிக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.)

அப்பாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. போலீஸ் ஜீப்பைக் கண்டால் வரப்பிலேயே திரும்பி நடந்துவிடுகிற மனிதர். அவர் கவலை முழுக்க நடவு. கரியாலூர் பக்கம் நல்ல மழை, கோமுகி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்று தயார், சேறும் ஓட்டியாயிற்று. மறுநாள் பரம்பு அடித்துவிட்டால் அதற்கடுத்த நாள் நடவு. பரம்பு என்பது சேற்று வயலைச் சமப்படுத்தும் நீளப் பலகை. மாடுகளைப் பூட்டி, பலகைமேல் ஆள் ஏறி நின்று ஓட்ட வேண்டும். எங்களுடையது வேங்கை மரம். இரவல் போனால் திரும்பி வர வேண்டுமே என்று, அண்டாவிலும் சொம்பிலும் பேர் வெட்டுகிற மாதிரி, அதிலும் அப்பா சிவப்புப் பெயிண்டில் தன் பெயரையும் ஊரையும் எழுதி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்து டி.வி.யில் அரை நிமிடம் ஒரு காட்சி வந்தது. ஒரு வெள்ளைக்காரன் ஆற்று நடுவில் பலகைமேல் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் ஓடியது, அவன் ஓடவில்லை.

"இன்னாடா இது, பரம்பு ஓட்றானா? மாடு எங்க?" என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஞானம் பிறந்துவிட்டது. பத்து வயதிலிருந்து பரம்பின்மேல் நிற்கிறவன் நான். எங்கள் ஊர்த் தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் விழுந்து, மடங்கி, மறுபடி எழும்புகிற இடம் அச்சு அசலாக அந்த டி.வி. அலைதான். மாட்டுக்கே வேலையில்லை. இதைவிடச் சுலபமாக ஒரு விஷயம் இருக்க முடியுமா?

மறுநாள் காலை அப்பா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் பார்த்து, நானும் ஜாபரும் பலகையைத் தூக்கிக்கொண்டு போனோம். அரை மணி நேரத்தில் திரும்ப வைத்துவிடலாம் என்பது திட்டம். பலகையில் கயிறு கட்டித் தண்ணீரில் இறக்கி, நுனியைக் கரையில் நின்ற ஜாபரிடம் கொடுத்தேன். பாவம், பொட்டலம் கட்டுகிற சணலைத் தவிர வேறு கயிறு பிடித்தறியாதவன்.

"நான் இன்னாடா செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாத. புடிச்சிகினு நில்லு."

ஏறி நின்றேன். நின்றேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். சேறு வழுக்கினாலும் ஆளைத் தாங்கும். தண்ணீருக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. பலகை முன்பக்கம் குத்திட்டது, வானம் காலடிக்கு வந்தது. தலை வெளியே வந்தபோது ஜாபர் கத்திக்கொண்டிருந்தான்.

"இழுக்கட்டுமா? வுட்டுடட்டுமா?"

எனக்கு வாய் நிறையத் தண்ணீர். தலையை ஆட்டினேன். எந்தக் கேள்விக்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவன் விட்டுவிட்டான்.

நான் நாணல் புதரைப் பிடித்துக் கரையேறினேன். பலகை போய்க்கொண்டே இருந்தது. கரையோரமாக ஓடி, தரைப்பாலத்தை அடைந்தபோது மறியல்காரர்கள் அதை இழுத்துப் பாலத்துக்குக் குறுக்கே போட்டு, மேலே பாறாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அது எங்க வூட்டு பரம்புண்ணே."

"தெரியும்டா, பேரு போட்டுக்குதே! ரோட்ல போலீசுன்னு ஆத்துல வுட்டு அனுப்பினாரா ஒங்க நைனா? பயந்த ஆளுன்னு நெனச்சிகினு இருந்தோம், இன்னா மூளடா!" என்று ஒருவர் என் ஈர முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள், மரங்களை அகற்றிக்கொண்டே வந்த ஜீப்பின் சத்தம் கேட்டது. எல்லாரும் கரும்புக் கொல்லைக்குள் மறைந்துவிட்டார்கள். நாங்கள் ஓட வேண்டியவர்களா, நிற்க வேண்டியவர்களா என்று புரியாமல் நின்றோம். சப்-இன்ஸ்பெக்டர் இறங்கிக் கற்களைத் தள்ளச் சொல்லி, பலகையில் இருந்த பெயரை உரக்கப் படித்தார்.

"தா. கோவிந்தசாமி. யார்டா இவன்?"

"தெரியாதுங்க," என்றேன். பத்தொன்பது வருடம் சோறு போட்ட மனிதரை ஒரே சொல்லில் கைகழுவிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

குளிக்க வந்த வெட்டிப்பயல்கள் என்று எங்களை விரட்டிவிட்டார்கள். குறுக்கு வழியில் வீட்டுக்கு ஓடினோம். ஜீப் முந்திக்கொண்டது. காலையிலிருந்து பலகையைத் தேடிக் கண்டவரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்த அப்பா, ஜீப்பின் பின்னால் அது நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வாழ்நாளில் முதன்முறையாகப் போலீசை நோக்கி ஓடினார்.

"என்னுதுதாங்க! எங்கங்க கெடச்சுது? நீங்க நல்லா இருக்கணும்ங்க!"

பலகையோடு சேர்த்து அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கைதானவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். நானும் ஜாபரும் நடந்தே போய்ச் சேர்ந்தோம். சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று டி.வி., வெள்ளைக்காரன், அலை, கயிறு என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"காலைல தெரியாதுன்னவன்தான நீ? ஆத்துல பலகை போட்டு நின்ன, சரி. எங்க போறதுக்கு?"

"எங்கயும் இல்லீங்க. ஒரே எடத்துல நிக்கறதுக்கு."

அவர் ஜாபரைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். (அவன் அப்படி ஆட்டியதைப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது.)

"ஒம் பேரச் சொல்லு," என்று பேனாவைத் திறந்தார்.

மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். "பையன் பொய் சொல்றான்ங்க. பலகைய ரோட்ல போட்டது நான்தான். எம்பேரயே எழுதிக்குங்க."

"நைனா, நீ எதுக்கு..."

"வாய மூட்றா," என்று என் காதருகே குனிந்தார். "படிக்கிற பையன் நீ. கேசுன்னு ஒண்ணு வந்துட்டா கவர்மென்ட்டு வேல எவன் குடுப்பான்?"

ஜீப்பைக் கண்டாலே திரும்பி நடக்கிற மனிதர் அவ்வளவு போலீசுக்கு நடுவில் நின்று அந்தப் பொய்யைச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். ஜாபரும் அழுதான்.

மூன்று நாள் உள்ளே இருந்தார். நாற்று முற்றிவிடப் போகிறதே என்று, மாட்டுக்கொட்டகைக் கதவைக் கழற்றி, அதையே பலகையாக்கி நானும் ஜாபரும் பரம்பு அடித்து முடித்தோம். வயலில் பாதி மேடு, பாதி பள்ளம். வெளியே வந்த அப்பாவுக்கு ஊரே மாலை போட்டது. மாலையோடு நேரே வயலுக்குப் போனவர், வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மண்டபத்துலயே இருந்திருக்கலாம்" என்றார்.

பிற்பாடு வழக்குகளைத் திரும்பப் பெற்றார்கள். பலகை வந்தது, இட ஒதுக்கீடும் வந்தது, எனக்குத் தாலுகா ஆபீசில் வேலையும் கிடைத்தது. டிராக்டர் வந்த பிறகும் வயலின் மூலைகளுக்கு அந்தப் பலகைதான். ஒவ்வொரு நடவுக்கு முன்னாலும் அப்பாவிடமிருந்து ஆபீசுக்குப் போன் வரும்.

"எங்க இருக்கற?"

"ஆபீஸ்லதான் நைனா."

"பக்கத்துல யாரு? அவர்கிட்ட குடு."

பக்கத்து சீட்டுக்காரர் போனை வாங்கி, "இங்கதாங்க இருக்காரு, நான் பாத்துகினுதான் இருக்கேன்" என்று சாட்சி சொல்வார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் பலகையை வெளியே எடுப்பார்கள்.