மச்சானின் நாலு சக்கரமும் என் முடிச்சும்

கார் வைத்திருப்பவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. மாடி வீடு கட்டியவனைப் பார்த்து வயிறு எரிகிறவர்களும் உண்டு. நடக்க முடியாமல் வாக்கர் தள்ளிக்கொண்டு போகிற மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள், எனக்குத் தெரிந்து, பழவேற்காடு ஏரியைச் சுற்றி நான் ஒருவன்தான்.

அந்த மனிதர் தேசப்பன். என் மனைவி தனத்தின் அண்ணன், எனக்கு மச்சான். எங்கள் குப்பத்தில் எந்தப் பொருள் வந்தாலும் முதலில் அவர் வீட்டில் இறங்கும், அப்புறம்தான் என் வீட்டுக்கு வரும். நைலான் வலை, படகுக்கு எஞ்சின், கலர் டிவி எல்லாவற்றிலும் அவர் முதல், நான் இரண்டாவது. நான் கலர் டிவி வாங்கிய வாரத்தில் அவர் வீட்டுக் கூரையில் டிஷ் ஏறியது. (வேண்டுமென்றே செய்தார் என்று இன்றைக்கும் சொல்வேன். தனம் இல்லை என்பாள்.)

ஆறு வருடங்களுக்கு முன்னால் படகிலிருந்து இறங்கும்போது பாசியில் கால் வழுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். "இன்னொரு வாட்டி விழுந்தீங்கன்னா அப்புறம் கட்டில்தான், பாத்துக்கங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எனக்கு அந்தக் கட்டில்தான் பயம். காலையில் படகுகள் வந்து சேரும்போது ரேவில், அதாவது படகுத்துறையில், நாலு பேரோடு நின்று, யாருக்கு இறால் பட்டது, யாருக்கு வெறும் குப்பை பட்டது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. யார் தயவும் இல்லாமல் ரேவு வரைக்கும் நடந்து போய் வர வேண்டும். நான் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

அதே வருடம் மச்சானுக்குச் சர்க்கரை முற்றி, வலது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். உறவுக்காரர்கள் நேராக அவர் வீட்டுக்குப் போனார்கள். ஆப்பிளும் சாத்துக்குடியும் அங்கே இறங்கின. திரும்பும் வழியில் என்னையும் எட்டிப் பார்த்தவர்கள் ஒரு பன் ரொட்டியோடு வந்தார்கள். சர்க்கரை நோயாளிக்குச் சாத்துக்குடியும் எனக்குப் பன்னும் என்ன நியாயம் என்று படுத்தபடியே மனசுக்குள் ஒரு மாதம் வழக்கு நடத்தினேன்.

பிறகு அவருடைய சின்ன மகன் சென்னையிலிருந்து அந்த வண்டியைக் கொண்டுவந்து இறக்கினான். நாலு சக்கரம், சிவப்புச் சட்டம், சைக்கிளுக்கு இருப்பதுபோல இரண்டு கையிலும் பிரேக், முன்னால் கூடை. களைத்தால் உட்கார நடுவில் ஓர் இருக்கை, சாய்ந்துகொள்ள ஒரு பட்டை. மச்சான் அதைத் தள்ளிக்கொண்டு டீக்கடைக்குப் போவார், கடை வாசலில் அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடிப்பார். பெஞ்சில் இடம் காலியாக இருந்தாலும் அதில்தான் உட்காருவார்.

"எங்கண்ணன் இன்னா நிமிந்து நடக்குது பாருய்யா" என்பாள் தனம், என் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே. என்னிடம் அப்போது இருந்தது ஆஸ்பத்திரியில் கொடுத்த, சக்கரமே இல்லாத அலுமினிய வாக்கர். அடிக்கு அடி தூக்கி வைத்து நடக்க வேண்டும். டீக்கடைக்குள் நான் நுழைந்தால் டொக் டொக் என்று சத்தம் வரும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் வண்டி சத்தமே இல்லாமல் வரும், எல்லோரும் எழுந்து வழி விடுவார்கள். அவருக்கு மூன்று விரல் போனது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் பொறாமைப்பட்டேன்.

மீஞ்சூர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் கவிதா ஒரு சனிக்கிழமை என்னைப் பொன்னேரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற கடையில், சனிக்கிழமைதோறும் ஒரு பிசியோ அம்மா வந்து ஆளைப் பார்த்து வாக்கர் எடுத்துக் கொடுப்பார். நான் கிளம்புவதற்கு முன்பே வேலையை முடித்திருந்தேன். மச்சான் தூங்கும் நேரமாகப் பார்த்துப் போய், அவர் வண்டியின் கைப்பிடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று வலைநூலால் அளந்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு நூலைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

பிசியோ அம்மா பொறுமைசாலி. என்னை நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு ரேகைக்கு நேராகக் கைப்பிடி வர வேண்டும் என்று விளக்கினார். பிறகு கேள்விகள் வந்தன.

"ஐயா, உங்க வீட்டு வாசல் எப்படி? மண்ணா, சிமெண்டா?"

"சிமெண்டு" என்றேன். (வாசலில் கால் வைத்தால் கணுக்கால் வரை மணல்.)

"நடக்கும்போது வலி இருக்கா? உடம்பு பாரத்த வாக்கர் மேல சாய்க்கிறீங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"நைனா, பொய் சொல்லாத" என்றாள் கவிதா.

பிசியோ அம்மா ஒரு வாக்கரை எடுத்து வைத்தார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு ரப்பர் கால். "உங்களுக்கு இதுதான் சரி. பாரத்தச் சாய்ச்சா ரப்பர் புடிச்சு நிறுத்திடும். அந்த நாலு சக்கர வண்டி சாய்ஞ்சா ஓடும். தடுமாறாம நடக்கிறவங்க, நடுவுல களைச்சுப் போறவங்க, அவங்களுக்குத்தான் அது."

நான் அந்த இரண்டு சக்கரத்தைப் பார்த்தேன். மச்சானிடம் நாலு, என்னிடம் இரண்டு. அறுபது வயதுக்கு மேல் இந்த அவமானம் எனக்குத் தேவையா? கடைக்குள் இருந்த நாலு சக்கர வண்டியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, நொண்டாமல் பத்து அடி நடந்து காட்டினேன். இடுப்புக்குள் கம்பி என்னைத் திட்டியது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

அந்த அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நான் அடம் பிடித்த அடத்தில், கவிதா தலையைக் குனிந்துகொண்டு, "குட்த்துடுங்க மேடம், இல்லாங்காட்டி வூட்ல யாரும் தூங்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். பிசியோ அம்மா மூன்று முறை எச்சரித்தார். "உக்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் கீழ அழுத்திப் பூட்டணும். பூட்டாம உக்காரவே கூடாது." மூன்று முறையும் தலையாட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கடைக்காரரிடம் நூலைக் கொடுத்து, முடிச்சுக்கு ஒரு துளை மேலே கைப்பிடியை ஏற்றச் சொன்னேன். மச்சான் என்னைவிட நாலு விரல் உயரம். ஆகவே என் தோள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டுதான் நான் வீடு வந்து சேர்ந்தேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். அந்தப் பூனையாவது அளவு பார்த்துச் சூடு போட்டிருக்கும்.

மணலில் அந்த வண்டி நகரவே இல்லை. இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே ஓட்டினேன். மூன்றாம் நாள் பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிற முறைக்கு எங்கள் பக்கத்தில் பாடு என்று பெயர். குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் கோயில் முன்னால் இருக்கிற சிமெண்ட் தளத்தில் கூடுவார்கள். வண்டியை ஊருக்குக் காட்ட இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? என் தம்பி முனுசாமி வண்டியைத் தூக்கி வந்து தளத்தில் இறக்கினான். நான் தள்ளிக்கொண்டு போய் மச்சானுக்குப் பக்கத்தில், அவரைவிட ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன்.

"புச்சா மாப்ள?" என்றார் மச்சான். "நல்லாக்கீது. கைப்பிடி மட்டும் உனுக்கு ஒசரமா தெரியுதே."

பொறாமையில் பேசுகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

உட்காருவதற்கு முன் பிரேக்கைப் பார்த்தேன். விரல் அளவு தகடு. முப்பது வருடம் ஏரியில் கிடந்தவன் நான். ஒரு பொருள் நின்ற இடத்தில் நிற்க வேண்டுமென்றால் அதைக் கட்ட வேண்டும், அழுத்திவிட்டுப் போனால் நிற்காது. கூடைக்குள் போட்டு வைத்திருந்த கயிற்றை எடுத்தேன். வண்டியின் முன்சட்டத்தில் ஒரு முனையைக் கட்டினேன். மறுமுனைக்குப் பக்கத்தில் முளையோ மரமோ இல்லை. வண்டிக்கு நேர் முன்னால் ஒரு லோடு ஆட்டோ நின்றது. மைக் செட்டையும் பிளாஸ்டிக் சேர்களையும் ஏற்றிவந்த வண்டி. கூட்டம் முடியும்வரை அது எங்கே போகப்போகிறது? அதன் பின்பக்கக் கொக்கியில், எந்தப் புயலிலும் அவிழாத முடிச்சு ஒன்றைப் போட்டேன். அந்த முடிச்சுக்கு எங்கள் குப்பத்தில் எனக்குப் பேர் உண்டு.

இந்த மாதிரி வண்டியில் உட்காரும்போது, தள்ளிக்கொண்டு வந்த திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார முடியும். ஆகவே ஊரைப் பார்த்து நானும், என் முதுகுக்குப் பின்னால் ஆட்டோவுமாக இருந்தோம்.

சீட்டு குலுக்கினார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், இறால் கொட்டுகிற நல்ல இடம் மச்சான் பேருக்கு விழுந்தது. என் பேருக்கு விழுந்தது சேறும் நண்டு ஓடும் கிடைக்கிற மூலை. எனக்கு ரத்தம் கொதித்தது. "இது இன்னா நியாயம்? ஒருத்தருக்கே எல்லாம் வியணுமா?" என்று கையை நீட்டிக் கத்தினேன்.

அந்த நொடியில் ஆட்டோக்காரன் ரேவிலிருந்து ஐஸ் பெட்டி ஏற்ற வண்டியை எடுத்தான்.

கை நீட்டியபடியே நான் பின்னால் போக ஆரம்பித்தேன். படகில் போகும்போது கரை விலகுவதுபோல ஊர் மொத்தமும் என்னைவிட்டு விலகியது. ஆட்டோவுக்குள் சினிமாப் பாட்டு அலறியது. நான் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. ஊருக்குக் கேட்டது, ஆனால் ஊர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டது. நான் கூட்டத்தைப் புறக்கணித்துவிட்டுப் போகிறேனாம்.

"கஜேந்திரண்ணே, கோச்சிக்கினு போவாத" என்றது மைக். "உக்காந்து பேசலாம்ணே."

நான் உட்கார்ந்துகொண்டுதான் போனேன்.

இதைவிடக் கொடுமை என் தம்பி செய்தது. முனுசாமி துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தான். "எங்கண்ணனுக்கு மருவாதி இல்லாத எடத்துல எங்களுக்கு இன்னா வேல?" என்று அவனும் வெளியேறினான். அவன் பின்னால் எங்கள் பங்காளிகள் நாலு பேர். ஐந்து பேரும் என்னைத் தொடர்ந்து விறைப்பாக நடந்து வந்தார்கள், ஒருவன்கூடக் கயிற்றைப் பார்க்கவில்லை. நான் கையை வீசி நிறுத்தச் சொன்னேன். அவர்கள் பதிலுக்குக் கையை உயர்த்தினார்கள்.

கையைப் பின்னால் விட்டு வண்டிச் சட்டத்தில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அதுவும் என் முடிச்சு, அவிழவில்லை. தளம் முடிகிற இடம் நெருங்கியது. அதற்கப்புறம் மணல். அப்போதுதான் கோபமெல்லாம் போய் உண்மையான பயம் வந்தது. கீழே விழப்போகிறேன், இடுப்பு போகப்போகிறது, இனி ரேவு கிடையாது, கட்டில்தான். ஒரு கைப்பிடி உயரத்துக்காக என் காலை நானே விற்றுவிட்டேனே என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டேய், கயித்த அறுங்கடா" என்று ஒரே ஒரு குரல் கேட்டது. மச்சான். மொத்த ஊரில் அவர் மட்டும் கயிற்றைப் பார்த்திருக்கிறார். தன் சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஓடக் கூடாத காலால் ஓடி வந்துகொண்டிருந்தார்.

சக்கரம் மணலில் புதைந்தது. வண்டி சாய்ந்தது. நான் பறந்துபோய், காய்ந்து குவித்திருந்த வலைக்குவியல் மேல் விழுந்தேன். ஆட்டோ என் வண்டியை மட்டும் ரேவு வரைக்கும் இழுத்துப் போனது. (மூன்று சக்கரத்தோடு திரும்பி வந்தது. நாலாவதை இன்னும் காணவில்லை.)

முதலில் வந்து சேர்ந்தவர் மச்சான். தளத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தி, அவர் முதலில் பிரேக்கைப் பூட்டினார், பிறகு அதில் உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. செருப்பு எங்கேயோ கழன்றிருந்தது. விரல் எடுத்த காலில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் பரவியிருந்தது.

"இடுப்பு வலிக்குதா மாப்ள?"

"இல்ல மச்சான்."

மச்சான் மெதுவாகச் சொன்னார். "உனுக்கு என் வண்டி மேல ஆசன்னு எனுக்குத் தெரியும். எடுத்துக்கோ. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா எடுத்துக்கினா, இந்தக் காலையும் சேத்து எடுத்துக்கணும்."

வலைக்குவியலில் கிடந்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

என் இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எக்ஸ்ரே சொன்னது. அவர் காலுக்குத்தான் மறுபடி தினமும் புண் துடைத்துக் கட்ட வேண்டியிருந்தது, அதுவும் இருபது நாள். அந்த இருபது நாளும் தனம் அண்ணன் வீட்டுக்குச் சோறு கொண்டுபோன பிறகுதான் எனக்குப் போட்டாள். நான் காத்திருந்து சாப்பிட்டேன். அடுத்த சனிக்கிழமை பொன்னேரி போனேன். "சிமெண்ட் வாசல்னு சொன்னீங்களே ஐயா" என்று மட்டும் கேட்டார் பிசியோ அம்மா. இரண்டு சக்கரம், இரண்டு ரப்பர் கால், கைப்பிடி என் மணிக்கட்டுக்கு நேராக. தனம் வாசல் மணலில் தெரு வரைக்கும் கல் பாவ வைத்தாள். இன்றுவரை அந்த வாக்கரில்தான் காலையில் ரேவுக்குப் போய் வருகிறேன்.

வீட்டில் மட்டும் மச்சானின் அந்த வாக்கியம் தங்கிவிட்டது. யார் எதைப் பார்த்து ஆசைப்பட்டாலும், "காலையும் சேத்துக் கேக்கட்டா?" என்பார்கள். போன மாதம் எதிர்வீட்டில் ஏ.சி. மாட்டுவதைத் தனம் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டாள். அவளைக் கேட்டது எங்கள் ஐந்து வயதுப் பேத்தி.

இதில் எனக்கு இன்னும் ஒரு வயிற்றெரிச்சல் பாக்கி. நடந்தது எனக்கு, நன்றாகச் சொல்ல வருவது மச்சானுக்கு. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கே போனாலும் அவரைச் சுற்றித்தான் கூட்டம். நான் கையை நீட்டியபடி பின்னால் போன முகத்தை அப்படியே செய்து காட்டுவார். நான் போன நூறு அடி, அவர் வாயில் இப்போது முகத்துவாரம் வரைக்கும் நீண்டுவிட்டது. என்னையும் கதை சொல்லச் சொல்வார்கள். பாதியில் எழுந்து பந்திக்குப் போய்விடுவார்கள்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எட்டாவது வரை படித்தவன் நான். மச்சானுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. இந்த ஒரு விஷயத்திலாவது முந்திக்கொள்ளலாம் என்று ஒரு வாரமாக உட்கார்ந்து எழுதி, நேற்று கவிதாவிடம் படித்துக் காட்டினேன்.

"நல்லாக்கீது நைனா" என்றாள். "ஆனா மாமா போன வாரமே இந்தக் கதைய போன்ல பேசி, வாட்ஸ்அப்ல போட்டுடுச்சே. அனுப்பம்பட்டு ஊர்ல கீறவங்க வரைக்கும் கேட்டாச்சு."