சுவரோரம் அடுக்கிய புத்தகங்கள்

அன்பான தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, பேனா வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் "பாத்துக்கலாம் அண்ணி" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நான் ஐந்தாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு விஷயத்தைப் பாருங்கள். விஷயம் இதுதான்: வீடு இடிந்து விழப்போகிறது, நான் அதற்குள் இருக்கிறேன்.

உங்கள் அண்ணன் போய் நாலு மாதம் ஆகிறது. மனிதர் போனார், புத்தகம் போகவில்லை. மாடியில் எங்களுக்கு இருப்பதே இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அலமாரி மூன்று. அது நிரம்பி, ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை நிறுத்தி, அதன் தலையில் படுக்கப்போட்டு, பிறகு பரண், கட்டிலுக்கு அடி, துணி பீரோ என்று நகர்ந்து கடைசியில் என் அரிசி டப்பா இருந்த தட்டு வரை வந்துவிட்டார். "ஒரு வாரத்துக்குத்தான்" என்று சொல்லித்தான் வைத்தார். அரிசி டப்பா தரைக்கு வந்து ஒன்பது வருஷம்.

போன மாதம் கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே வந்தார். "அக்கா, எங்க சீலிங்ல ஒரு கீறல். நேத்து ஃபேன் வரைக்கும்தான் இருந்துச்சு, இன்னிக்கு ஃபேனையும் தாண்டிடுச்சு" என்றார். கொத்தனாரைக் கூட்டிவந்தோம். அவர் அறை நடுவில் காலால் ஒரு தட்டுத் தட்டி, புத்தகத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "யாரும்மா இதெல்லாம் படிக்கிறது?" என்றார். "படிக்கிறவர் போய்ட்டாரு" என்றேன். "அப்புறம் எதுக்கும்மா இந்தப் பாரம்? நடுவுல வைக்காதீங்க, சுவரோரமா அடுக்குங்க" என்றார். திரும்பிப் போகும்போது அவரே சுவரோரமாகத்தான் நடந்து போனார். அதைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த தைரியமும் போனது.

மூன்று நாள் அடுக்கினேன். உங்கள் அண்ணன் எந்த முறையில் வைத்திருந்தாரோ தெரியாது, எனக்குத் தெரிந்தது பாத்திரம் அடுக்குகிற முறை. பெரியது அடியில், சின்னது மேலே. நாலு பாகமாக வந்த கதை நாலு சுவருக்குப் பிரிந்து போனது. சுவர் தீர்ந்த பிறகு மீதியைக் கதவுக்குப் பக்கத்தில் என் கழுத்து உயரத்துக்கு ஏற்றினேன். வெள்ளிக்கிழமை மதியம் படீரென்று ஒரு சத்தம். மாடிதான் போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இன்னும் கீழே போய்ச் சேரவில்லையே என்று திறந்து பார்த்தால், அடுக்கினதெல்லாம் சரிந்து கதவை அடைத்துக் கிடக்கிறது. உள்பக்கம் திறக்கிற கதவு. நான் மூலையில் ஒட்டிக்கொண்டு கத்தினேன். தையல்காரர் ஓடிவந்து வெளியே நின்றார்.

"அக்கா, ஒண்ணொண்ணா எடுத்து அந்தப் பக்கம் போடுங்க!"

"அந்தப் பக்கம்னா நடுவுல வரும். உங்க தலையில இல்ல விழும்!"

"என் தலை இங்க வெளில இருக்குக்கா!"

"உங்க வீட்டம்மா?"

"கடைக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள போடுங்க!"

இப்படிப் பேசிப் பேசி நான் வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. உங்கள் அண்ணன் இருந்தபோதும் இதே புத்தகம்தான், இதே மாடிதான். அப்போது ஒரு நாளும் நான் பயந்ததில்லை. ஓர் ஆள் குறைந்த வீடு எப்படி அதிகமாகக் கனக்கும் என்று கொத்தனாரிடம் கேட்க விட்டுப்போனது.

ஆகவே தம்பி, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். நூலகத்துக்குக் கொடுங்கள், பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள், ஏன் என்று கேட்க மாட்டேன். எனக்கு ஒன்றுகூட வேண்டாம். ஏற்றும்போது நான் வெளியே போய்விடுகிறேன், அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது.

பிள்ளைகள் நல்லபடியாக வளரட்டும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மூட்டை தூக்குகையில் உங்கள் இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் ஆண்டவன் காப்பாற்றட்டும்.

நடுக்கத்துடன்,
அண்ணி

பின்குறிப்பு: இதை எழுதி நாலு நாள் ஆகிறது, இன்னும் தபாலில் போடவில்லை. கயிறு போட்டுக் கட்டிவைக்கலாம் என்று உட்கார்ந்தபோது ஒரு புத்தகம் கை நழுவித் திறந்துகொண்டது. முதல் பக்கத்தில் உங்கள் அண்ணன் எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "இன்று வாங்கியது. ஆபீஸில் இரவல் என்று அவளிடம் சொன்னேன். நம்பின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்." அந்த முகத்தை நான் வைத்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். அடுத்ததில், "பரிசாக வந்தது என்றேன். யார் கொடுத்தது என்றாள். மாட்டிக்கொண்டேன்." ஒவ்வொன்றிலும் தேதி போட்டு ஒரு பொய் இருக்கிறது தம்பி. இதுவரை நாற்பத்தொன்று முடித்திருக்கிறேன். வண்டி வேண்டாம். பாதியைத் தையல்காரர் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறார், அங்கே அடியில் மண்தான், விழுவதற்கு இடமில்லை. எனக்கு ஒரு நாளைக்குப் பத்துதான் ஓடுகிறது, மொத்தமும் முடிவதற்குள் கண் போய்விடுமோ என்பதுதான் இப்போதைய பயம். இன்று காலை ஓர் இரண்டாம் பாகத்தில், "முதல் பாகத்தைத் தம்பி கொண்டுபோய்விட்டான். தொலைந்துவிட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்" என்று இருந்தது. வெறுங்கையோடு வராதீர்கள். அந்த முதல் பாகத்தில் என்ன பொய் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.