பத்தாம் தேதி வரப்போகும் புது ஆள்

"ஆளு யாருன்னும் போடல, என்ன குறைன்னும் போடல. நான் எதுக்குன்னு ஏற்பாடு பண்றது?"

மேலாளர் உத்தரவை முன்னும் பின்னும் புரட்டினார். மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் தேர்வானவர் பத்தாம் தேதி காலை பத்து மணிக்குப் பணியில் சேருவார் என்ற ஒற்றை வரிதான் இருந்தது. இடையில் மூன்றே நாள்.

போன வருடம் அதே ஒதுக்கீட்டில் சக்கர நாற்காலியில் ஓர் இளைஞர் வந்தார். வாசல் படி ஏற தினமும் இரண்டு பேரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. நாலாம் நாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். மேலாளருக்கு அன்று தன்மேலேயே வெட்கமாகப் போயிற்று. இந்த முறை வருகிறவர் இங்கேயே ஓய்வு பெற வேண்டும் என்று சபதம் செய்திருந்தார்.

"சார், அந்தப் புது ஆள் விஷயமா..." என்று வந்து நின்றார் பதிவறை அம்மா. ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் தூங்குகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"அப்புறம்மா. முதல்ல தச்சருக்குப் போன் போடுங்க."

தச்சர் படிமேல் பலகையைச் சாய்த்து அடித்தார். பார்க்க மரியாதையாக இருக்கட்டும் என்று மேலாளர் அதற்குப் பாலீஷ் போடச் சொன்னார். முதலில் அதில் கால் வைத்தவர் தேநீர்த் தட்டோடு வந்த பியூன்.

"டீ மட்டும் கீழ வரல சார், நானும்தான் வந்தேன்," என்று இடுப்பைத் தேய்த்தார்.

"சரி, ஒருவேளை கண் தெரியாதவரா இருந்தா?" மேலாளர் நாற்காலிகளையெல்லாம் சுவர் ஓரம் தள்ள வைத்தார். பழக்கதோஷத்தில் உட்காரப்போன டைப்பிஸ்ட் நேராகத் தரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

"சார், ஒரு நிமிஷம்..."

"இருங்கம்மா, காது கேக்காதவரா இருந்தா?"

அழைப்பு மணி போய்ச் சிவப்பு விளக்கு வந்தது. அது மினுங்கியதும் வரிசையில் நின்ற ஜனம் தீப்பிடித்துவிட்டது என்று தலைதெறிக்க ஓடியது. ஓடியது அந்தப் பாலீஷ் பலகை வழியாக.

"யாருக்கு என்ன வேணும்னு கேக்காம..." பதிவறை அம்மா மறுபடியும் ஆரம்பித்தார்.

"வரட்டும்மா, வந்ததும் அவர்கிட்டயே கேட்டுக்கலாம்!"

பத்தாம் தேதி காலை எல்லாரும் வாசலில் நின்றார்கள். பலகையில் சாக்கு அடித்தாயிற்று. மேலாளருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"இந்தத் துறையில எந்த ஆபீஸும் இவ்வளவு செஞ்சிருக்காது," என்றார்.

மணி பத்து. யாரும் வரவில்லை. பத்து ஐந்து. மேலாளர் முகம் வாடிவிட்டது.

"இவரும் வேணாம்னு போயிட்டாரோ?" என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

"வந்தாச்சு சார். லேட்டுன்னு போட்டுடாதீங்க," என்று பதிவறை அம்மா முன்னால் வந்து பணி நியமன ஆணையை நீட்டினார்.

மேலாளர் படித்தார். நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் படித்தார்.

"நீங்களா? உங்களுக்கு என்னம்மா?"

பதிவறை அம்மா குனிந்து தன் இடது முழங்காலுக்குக் கீழே தட்டினார். கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது.

"செயற்கைக் கால் சார். எட்டாயிரம் பேர் எழுதின பரீட்சை, மூணாவதா வந்திருக்கேன். அதைச் சொல்லத்தான் மூணு நாளா உங்க பின்னாலயே அலையறேன்."

பியூன்தான் முதலில் கைதட்டினார். அப்புறம் அலுவலகமே தட்டியது. அந்த அம்மா தலையைக் குனியவில்லை, நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டார். மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. நம் அலுவலகத்து ஆள் என்ற பெருமை அவருக்குத் தாங்கவில்லை.

"சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன வசதி வேணும்? இன்னிக்கே செஞ்சு தரேன்!"

"படி ஓரமா ஒரு கைப்பிடி போதும் சார். வருஷா வருஷம் மனு கொடுக்கறேன், 'இங்கே அப்படி யாரும் இல்லை'ன்னு நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பறீங்க, அதை ஃபைல் பண்றதும் நான்தான்."