எட்டாவது நாற்காலி

சென்னைப் பந்தயச் சங்கத்தின் கடிதத்தை மூன்றாம் முறை படித்தபோதும் தொகை குறையவில்லை. ஆலத்தியூர் மோட்டார் சைக்கிள் பந்தயக் குழுவின் செயலாளரும் ஊரின் ஒரே மெக்கானிக்குமான முத்தமிழ்செல்வன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

பந்தயம் நடத்தும் உரிமைக்குச் சென்ற ஆண்டு ஒரு லட்சம். இந்த ஆண்டு மூன்று லட்சம். கட்டத் தவறினால் மாநிலப் பந்தய அட்டவணையிலிருந்து ஆலத்தியூர் நீக்கப்படும்.

சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளத்தில் ஒன்பது ஆண்டுகளாக நடக்கும் பந்தயம் அது. அன்று புழுதி வானத்தை மூடும். பெரம்பலூரும் அரியலூரும் பள்ளத்தின் கரையில் வந்து நிற்கும். குழுவில் எழுவர், மேடையில் ஏழு நாற்காலிகள், எழுவரும் ஆண்கள். பள்ளத்தின் சொந்தக்காரரான ரத்தினம்மாளே வெயிலில் நின்றுதான் பார்த்தார். பெண்களுக்கு இடமில்லை என்று யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்த சட்டத்தை அடித்துத் திருத்தலாம்; எழுதாத சட்டத்தை எந்தப் பேனாவால் அடிப்பது?

“எட்டாவதா ஒரு நாற்காலி போட்டா என்னங்க?” என்று முத்தமிழ்செல்வனின் மனைவி தனம் சென்ற ஆண்டே கேட்டிருந்தார்.

“பந்தயத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? நீ லெட்டர் எழுது, போதும்.”

குழுவின் கடிதங்களைத் தனம்தான் எழுதுவார். முத்தமிழ்செல்வனின் எழுத்தை முத்தமிழ்செல்வனாலேயே படிக்க முடியாது.

“இப்ப என்னன்னு எழுதட்டும்?”

“கூட்டமே வரலன்னு எழுது. பாவப்பட்டுக் கொறைப்பானுவ.”

பத்தே நாளில் பதில் வந்தது. கூட்டமே வராத ஊருக்குப் பந்தயம் எதற்கு என்று சங்கம் கேட்டிருந்தது. பூலாம்பாடியிலிருந்து புதிய குழு ஒன்று, கேட்ட தொகைக்கு மேல் பத்தாயிரம் தர முன்வந்திருப்பதாகவும் தெரிவித்திருந்தது.

பூலாம்பாடி தனத்தின் பிறந்த ஊர்.

“ஒங்க ஊர்க்காரனுவளுக்கு எப்பலேருந்து இந்த வெவரம்?”

“எங்க ஊரு ஆம்பளைங்களுக்கு அவ்வளவு வெவரம் பத்தாதுங்களே” என்றார் தனம், பேனாவைத் திறந்தபடி.

“சரி, மாத்தி எழுது. போன வருசம் இருபதாயிரம் பேர் வந்தாங்க. நாங்க மூணரை லட்சம் தர்றோம்.”

இருபதாயிரம் பேர் என்றதும் சங்கம் மகிழ்ந்தது. மகிழ்ந்து கட்டணத்தை நான்கு லட்சமாக உயர்த்தியது. பூலாம்பாடி மூன்று லட்சத்து அறுபதாயிரம் தருவதாக அதே வாரம் எழுதியிருந்ததாம்.

முத்தமிழ்செல்வன் குழுவைக் கூட்டினார். “நம்ம மூணரைன்னா அவன் மூணு அறுபது. அளந்து வச்சாப்புல பத்தாயிரம் கூட. நம்மள்ல ஒருத்தன் வெளிய சொல்றான்.”

ஏழு நாற்காலிகளும் ஒன்றையொன்று முறைத்தன. பொருளாளர் அமிர்தசாமியின் தங்கை பூலாம்பாடியில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அந்த ஒரு குற்றத்துக்காக அவரை ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சத்தியம் வாங்கினார்கள்.

“மாதா மேல சத்தியமா நான் சொல்லல. அந்தத் தங்கச்சிகிட்ட நான் பேசியே நாலு வருசமாச்சு” என்று அழாக்குறையாகச் சொன்னார் அமிர்தசாமி.

அடுத்து, கரையில் கடை போடும் உரிமையை ஏலம் விட்டுப் பணம் திரட்டத் தண்டோரா போட்டார்கள். ஏலத்துக்கு ஒருவரும் வரவில்லை. கம்பங்கூழ் விற்கும் பாப்பாத்தியைத் தேடிப்போய்க் கேட்டார் முத்தமிழ்செல்வன்.

“நாங்க எல்லாரும் வேற ஆள்கிட்ட அட்வான்ஸ் குடுத்துட்டோமே தம்பி.”

“எந்த ஊர்ல கடை போடப் போறீங்க?”

“பந்தயம் நடக்குற எடத்துலதான்” என்று சொல்லிவிட்டுப் பாப்பாத்தி கூழைக் கலக்கினார்.

பூலாம்பாடிக்குப் பந்தயம் போயே விட்டது என்று ஊரே முடிவுகட்டிவிட்டதோ? முத்தமிழ்செல்வன் கையிருப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். தன் புல்லட்டை விற்கவும் துணிந்தார். இறுதித் தொகையை எழுதி, ஒட்டிய உறையில் தர வேண்டும் என்பது சங்கத்தின் உத்தரவு. இம்முறை குழுவுக்கே தெரியாமல், கதவைச் சாத்திக்கொண்டு எழுதவைத்தார்.

“எவ்வளவுங்க?”

“அஞ்சு லட்சம். யாருகிட்டயும் மூச்சு விட்றாத.”

“நான் யாருகிட்ட சொல்லப் போறேன்” என்று உறையை ஒட்டினார் தனம்.

பெரம்பலூர்த் திருமண மண்டபம் ஒன்றில் உறைகள் பிரிக்கப்பட்டன. சங்கத்தின் எழுத்தர் மஞ்சு எழுந்து நின்று வாசித்தார். “ஆலத்தியூர், அஞ்சு லட்சம். பூலாம்பாடி, அஞ்சு லட்சத்துப் பத்தாயிரம்.”

முத்தமிழ்செல்வன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஒன்பது ஆண்டுப் புழுதியும் ஒரே நொடியில் அடங்கியதுபோல் இருந்தது.

“பந்தயம் நடக்கும் இடம்,” மஞ்சு தொடர்ந்தார், “ஆலத்தியூர் பள்ளம். நிலத்துக்காரர் ரத்தினம்மாளின் சம்மதக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது.”

அமிர்தசாமி துள்ளி எழுந்தார். “நம்ம பள்ளத்துலயேவா? அப்ப பந்தயம் எங்கயும் போவல மாப்ள.”

“நடத்துவோர், பூலாம்பாடி மகளிர் பந்தயக் குழு. கடை ஏலத்தில் பணம் திரட்டியாயிற்று. மேடையில் எட்டு நாற்காலிகள். ஏழு பெண்களுக்கு. எட்டாவது, வண்டிகளைச் சோதிக்கும் மெக்கானிக் முத்தமிழ்செல்வனுக்கு.”

முத்தமிழ்செல்வன் வாயை மூட மறந்து மஞ்சுவின் மேசைக்குப் போனார். “அது இருக்கட்டும்மா. அஞ்சு லட்சங்கிறது எங்க வூட்டுச் செவுத்துக்குக்கூடத் தெரியாது. அந்தப் பொம்பளைங்களுக்கு யாரு சொன்னது?”

மஞ்சு இரண்டு ஊர்க் கடிதங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார்.

“என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? மொதல் லெட்டர்லேருந்தே ரெண்டையும் எழுதுறது ஒரே கைதானே. பூலாம்பாடி லெட்டர்ல தனம் முத்தமிழ்செல்வன்னு கையெழுத்து வேற. புருசன் பொண்டாட்டி பேசி வச்சிக்கிட்டுதான் போட்டி போடுறீங்கன்னு நாங்க நெனச்சிட்டிருந்தோம்.”