எதையும் ஏற்கும் கட்டம்

"சார், 'வந்துக்கினு கீது'ன்னு அடிச்சா உங்க கம்ப்யூட்டரு வாங்க மாட்டேங்குது!" காக்களூர் கிடங்கிலிருந்து தானியேல் போனில் கத்தினார்.

கும்மிடிப்பூண்டி பம்ப் தொழிற்சாலையின் மாடியறையில் அத்னான், புகைபோக்கிக்கு மேலே ஊர்ந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிடங்குக் கணினியையும் தொழிற்சாலைக் கணினியையும் பேச வைத்தவன் அவன்தான். எத்தனை வாஷர் இருக்கிறது என்று தொழிற்சாலைக் கணினி கேட்கும். கிடங்குக் கணினி எண்ணில் பதில் சொல்லும். குறைந்தால் தொழிற்சாலைக் கணினியே கடைக்கு ஆர்டர் அனுப்பிவிடும்.

"நம்பர் மட்டும் அடிங்கண்ணே."

"பாதி இங்க கீது, பாதி லாரில வருது. இன்னா நம்பரு அடிக்கிறது?"

நியாயம்தான். அந்த மேகத்தை மட்டும் எந்த எண்ணில் எழுதுவது? அன்றே கிடங்கில் பதில் அடிக்கும் கட்டத்தை எண், எழுத்து இரண்டையும் ஏற்கும்படி தளர்த்தினான். பழவேற்காட்டு நாரையும் ஊர்க்காகமும் ஒரே வாசலில் நுழைவதுபோல் அவனுக்கு இதமாக இருந்தது.

மறுநாள் தானியேல் 'நெறைய கீது' என்று அடித்தார். எண்ணாக இல்லாத எதையும் தொழிற்சாலைக் கணினி பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டது. கிடங்கில் மூட்டை மூட்டையாக வாஷர் வந்து இறங்கியது.

"கதவு சாத்த முடியல சார். ஒரே பேஜாரு!"

அத்னான் கண்ணை மூடிக்கொண்டான். ஏற்றால் போதாது, புரிந்துகொள்ளவும் வேண்டும். வந்த சொல்லுக்கு என்ன பொருள் என்று கணினியே ஊகிக்கும்படி புரோகிராமை மாற்றினான்.

"மனசுல பட்டதை அடிங்கண்ணே, பார்க்கலாம்."

'நிக்க எடமில்ல. மூட்டை மேலயே உக்காந்துக்கினு கீறோம்' என்று வந்தது. கணினி கொஞ்சம் தயங்கி, 'ஏற்கப்பட்டது' என்றது.

அடுத்த நாள் மதியம் தொழிற்சாலை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. லாரி நிறைய நாற்காலி!

கணினி இதையும் ஆர்டர் செய்துவிட்டதே என்று அத்னான் பயந்தான். கூடவே வெளியில் சொல்ல முடியாத ஒரு பெருமிதம். உட்கார்ந்திருக்கிறார்கள் என்றதும் நாற்காலி வாங்கத் தோன்றியிருக்கிறதே அதற்கு! வேலை போனாலும் பரவாயில்லை. இல்லை, வேலை போகக் கூடாது. படியிறங்கி ஓடினான். முதலாளி அப்துல் ரவூப்பின் கார் அவனைக் கடந்து போனது. அவர் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அண்ணே, இது கம்ப்யூட்டர் பண்ண தப்பு. தயவுசெஞ்சு திருப்பிக்கினு போயிடுங்க!"

டிரைவர் கலியன் தலையைச் சொறிந்தார். "இன்னா கம்ப்யூட்டரு? மொதலாளி ஊட்டுக்கு வழி கேக்க நின்னேன் சார். அவரு பொண்ணுக்கு சாயங்காலம் நிச்சயமாம்."

அத்னானுக்கு உயிர் வந்தது. லாரியிலேயே சாய்ந்துகொண்டான். "அப்படியா? மாப்பிள்ளை யாரு?"

"இந்தக் கம்பெனி கம்ப்யூட்டர்காரராம், யாரோ அத்னானாம். பந்தல் போட்ட பசங்க சொல்லிச் சிரிச்சானுங்க. எது சொன்னாலும் சரின்னுடுவாராம் சார், அதனால அவருகிட்ட இன்னும் கேக்கவே இல்லையாம்!"