தேர் வந்தால் தாங்குமா?

லண்டனில் வானத்தை யாரும் நம்புவதில்லை. ஆனால் கையில் இருக்கும் குடையையும் நம்பாமல், பைக்குள் இன்னொரு குடை வைத்துக்கொண்டு அலைந்த மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். டபுள் அண்ணை.

யாழ்ப்பாணத்துக்காரர். மனோர் பார்க்கில் வீடு. பாலங்கள் வடிவமைக்கும் எங்கள் ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலி. பெல்ட்டும் கட்டுவார், அது போதாதென்று தோளில் சஸ்பெண்டரும் மாட்டுவார். ஒரு அலாரம் அடிக்காவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு வைப்பார். இரண்டும் அடிக்குமா என்ற கவலையில் அவற்றுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பார்.

எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்திருந்தவரிடம் ஒன்றுகூட இல்லாதது சார்ட்டர்ட் இன்ஜினியர் பட்டம். அது இல்லாததால் அவர் போட்ட கணக்குக்கெல்லாம் வேறொருவர் கையெழுத்துப் போட்டார்.

"பிள்ளை பெறுறது நான், பேர் வைக்கிறது மற்றவன்" என்று பொருமுவார்.

பட்டம் வேண்டுமென்றால் இரண்டு மூத்த இன்ஜினியர்கள் முன்னால் உட்கார்ந்து, தன் வேலையைப் பற்றி அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். முதல் தடவை துணைக்கு என்னையும் கூப்பிட்டார், தன் மச்சானையும் கூப்பிட்டார். ஒருவர் ரயிலைத் தவறவிட்டால் இன்னொருவர் இருக்க வேண்டுமாம்.

உள்ளே, ஒரு பூங்கா ஓடைக்கு மேல் அவர் வடிவமைத்த நடைபாலத்தைக் காட்டி, "நாலு பேர் நாயைக் கூட்டிக்கொண்டு போகிற பாலத்துக்கு எதற்கு இத்தனை இரும்பு?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நம்மவர் யோசிக்கவே இல்லை. "தேர் வந்தால்?"

கோயில் தேரைப் பார்க்கச் சனமெல்லாம் ஒரே பக்கம் ஏறி நிற்கும் என்று விளக்கமும் கொடுத்தாராம். அவர்கள் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த வட்டாரத்திலேயே கோயில் இல்லை.

ஃபெயில். பாதுகாப்பில் அக்கறை பிரமாதம், எங்கே நிறுத்துவது என்று மட்டும் தெரியவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

அடுத்த தடவைக்கு ஒத்திகை டூட்டிங்கில், ஒரு கொத்துரொட்டிக் கடையில். கேள்வி கேட்பவன் நான். அண்ணை இரண்டு டீ சொன்னார். இரண்டும் அவருக்குத்தான்.

"எவ்வளவு இருந்தா போதும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க, அண்ணே?"

"கணக்குப் போட்டாத் தெரியும், தம்பி."

"தெரிஞ்சப்புறம்?"

"இன்னும் கொஞ்சம் போடுவன்."

"எதுக்கு?"

அவர் முதல் கோப்பையை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். "விழாது எண்டு கணக்குச் சொல்லுது. ஆனா எனக்கு நித்திரை வருகுதில்லையே. இந்த முறையும் ஃபெயில் விட்டா, இன்னொருக்கா அவைக்கு முன்னால போய் இருக்க என்னால ஏலாது."

அவருடைய பயம் ஜலதோஷம் மாதிரி. அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது.

அந்த நாளும் வந்தது. ஸ்டேஷனில் அண்ணை முகம் வெளுத்துப்போய் நின்றிருந்தார். மச்சானைக் காணோம். கேட்டால் பதறிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் உள்ளே போன பிறகு வெளியே நான் பட்ட பாடு! என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

சில வாரங்கள் கழித்து போன் வந்தது. "பாஸ், தம்பி!" வைத்த கையோடு மறுபடியும் மணி அடித்தது. "பாஸ்தான். ரெண்டாம் தரமும் வாசிச்சுப் பாத்திட்டன்."

அதே கொத்துரொட்டிக் கடையில் விருந்து வைத்தார்.

"அப்படி என்னதான் சொன்னீங்க?"

"நீர் கேட்ட அதே கேள்விதான் அவையும் கேட்டவை. புதுப் பாலத்துக்கு மண்ணைச் சோதிச்சுப் பாத்தன், தாங்கும் எண்டு தெரிஞ்சுது, அதோட நிப்பாட்டினன் எண்டு சொன்னன்."

"அது சரி, அன்னைக்கு மச்சானை ஏன் கூப்பிடலை? நான் வராம போயிருந்தா?"

அண்ணை தன் இரண்டாவது டீயை என் பக்கம் தள்ளினார்.

"உம்மையும்தான் இவ்வளவு காலமாச் சோதிச்சுப் பாத்தாச்சே."

டபுள் அண்ணை ஸ்பேர் வைத்துக்கொள்ளாத ஒரே சாமான் நான்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.