சித்தையன்கோட்டை வராமல் பற்றாத நெருப்பு

முதலாளிகளைக் காக்க வைத்தவர்கள் திண்டுக்கல்லில் நிறைய உண்டு. நெருப்பையே காக்க வைத்தவர் ஒருவர்தான். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் அவர் கண்டக்டர்.

வத்தலக்குண்டு சாலையில் பம்பு உதிரிகள் வார்க்கும் பட்டறை ஒன்றில் நான் பராமரிப்பு இன்ஜினியர். அங்கே அலுமினியம் உருக்க மூன்று பர்னர் உள்ள கேஸ் உலை உண்டு. அதைச் சர்வீஸ் செய்ய வருபவர்தான் கண்டக்டர். முன்பு டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாராம். பஸ்ஸை விட்டுப் பத்து வருடம் ஆகியும் பஸ் அவரை விடவில்லை.

உலை வாசலில் யாராவது வேடிக்கை பார்த்தால், "படியில நிக்காத, உள்ள போ" என்பார். உள்ளே என்றால் உலைக்குள்ளா என்று யாரும் கேட்டதில்லை. பர்னரின் துளைகளைக் கம்பியால் குத்தி, பொறி தட்டும் கம்பியின் கரியை உப்புத்தாளால் தேய்ப்பார். பொறி தாண்ட வேண்டிய இடைவெளியை அளக்க அவர் பையில் ஒரு பழைய டிக்கெட் கட்டு இருந்தது. அதை இடுக்கில் செருகி, சரி என்று தலையாட்டுவார். இது என்ன அளவு என்று எனக்குக் கோபம் வந்தது. கல்லூரியில் பழகிய அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர். துல்லியமாக மூன்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் பெரிய வம்பு பற்ற வைப்பதில்தான். உலையைப் பற்ற வைக்கும் முன் விசிறியை ஓடவிட்டு, உள்ளே தங்கிய கேஸை வெளியே தள்ள வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைப் பலகையில் உள்ள டைமர் கணக்கிட்டுப் பச்சை விளக்கைக் காட்டும். கண்டக்டர் அந்தப் பச்சையை மதித்ததே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மனதுக்குள் திண்டுக்கல்லில் வண்டி கிளம்பும். பேகம்பூர் என்பார். செத்த நேரம் கழித்து வக்கம்பட்டி. பிறகு செம்பட்டி. நடுவில் ஏறி இறங்கும் ஆட்களுக்கும் நேரம் உண்டு. சித்தையன்கோட்டை வந்த பிறகுதான் "போலாம் ரைட்". சித்தையன்கோட்டை என் சொந்த ஊர். தினமும் பஸ்ஸில் அங்கிருந்து வருகிறவளை, வேலை நேரத்தில் மறுபடி ஊருக்கே கொண்டுபோய் விடுவார்.

நான் சேர்ந்த ஆறாவது மாதம். வேலை நிரந்தரமாகுமா என்று முதலாளி முடிவு செய்ய வேண்டிய வாரம். அன்று காலை சர்வீஸ் முடிந்தது. வாசலில் லாரி நின்றது. முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பர்னரை மாட்டும்போதே கண்டக்டர் மூக்கைச் சுளித்து, கேஸ் வாடை அடிக்கிறதே என்றார். இப்போதுதானே கழற்றி மாட்டினோம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

விசிறி ஓடியது. பச்சை வந்தது.

"அண்ணே, அழுத்துங்க."

"வக்கம்பட்டியே இன்னும் வரலையேம்மா."

"போர்டுல பச்சை எரியுதுல்ல?"

"எரியட்டும். ரோட்டுலகூடத்தான் பச்சை எரியுது. குறுக்க மாடு நிக்குதே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தச் சிரிப்பு எனக்கு எங்கே குத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விறுவிறுவென்று போய் நானே பட்டனை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பலகையில் சிவப்பு விளக்கு வந்தது.

கண்டக்டர் கண்ணைத் திறக்காமலே சட்டைப்பையில் கைவிட்டு, பொறிக் கம்பியில் மாட்டும் மூடியை வெளியே எடுத்தார். ஊர் வந்து சேரும்வரை அது அவர் பையில்தான் இருக்குமாம்.

"இது இல்லாம எப்படித்தா பத்தும்? கேஸ அடை. திரும்பத் திண்டுக்கல்லுல இருந்துதான் ஏறணும்."

கேஸை அடைத்தோம். எனக்கு அப்போதுதான் அந்த வாடை உறைத்தது. உலைக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு வாளித் தண்ணீரில் விட்டு, பெரிய வால்வை மட்டும் திறந்தேன். பர்னர் வால்வு மூடியே இருந்தது. ஆனாலும் தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. காலை முழுக்கக் கேஸ் உலைக்குள் கசிந்திருக்கிறது. டைமரையும் திறந்து பார்த்தேன். உற்பத்திக்கு நேரமாகிறது என்று யாரோ அதை இருபது நொடிக்குக் குறைத்து வைத்திருந்தார்கள். என் பச்சை விளக்கு பேகம்பூரைக்கூடத் தாண்டாத விளக்கு.

வால்வு மாற்றி உலை பற்றும்போது மதியம் ஆகிவிட்டது. லாரி பாதி சரக்கோடு போயிருந்தது. முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"இம்புட்டு நேரம் அந்தக் கண்டக்டரால ஆனதுதான? இனிமே அந்தாளக் கூப்பிடாத."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வாரம் எனக்கு நல்லபடியாக முடிந்திருக்கும். நான் வேலையில் சேர்ந்த அன்று ஒரு தாளில் என் கையெழுத்தைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டவர் என் அப்பா. அவர் கைநாட்டுக்காரர்.

"அவரால இல்ல சார். வாடை வருதுன்னு அவரு சொன்னாரு, நான் கேக்கல. பட்டன அழுத்துனதும் நான்தான். அந்த மூடி மாட்டியிருந்தா இந்நேரம் கூரை இருந்திருக்காது. டைமரக் குறைச்சது யாருன்னு தெரியல."

டைமர் என்றதும் முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யார் குறைக்கச் சொன்னது என்பது எனக்கு அந்த முதுகிலேயே தெரிந்தது. வெளியே வந்து, நடந்ததை நடந்தபடியே சர்வீஸ் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என் நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. கண்டக்டரின் வேலை போகவில்லை. பதிவேட்டில் நான் எழுதியதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை வந்தவர் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் டப்பாவில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத வெறும் தயிர்ச்சோறு.

அன்றிலிருந்து அவர் வரும் நாளில் நான் கொண்டுபோகும் வெஞ்சனம் எப்படியோ எனக்கு அதிகமாகிவிடுகிறது.